கிரீம் டப்பாவில் 'ஆல்கஹால்' என்று போட்டிருக்கிறது, காவடி விரதத்தில் பூசலாமா?

ரோஸ்ஹில் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கேட்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மொரீஷியஸில் ஓர் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறவள் நான். குறள் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், வேதியியலோடு மட்டும் பள்ளி முடிந்த அன்றே உறவை முறித்துக்கொண்டேன். இப்போது அது கிரீம் டப்பாவில் வந்து உட்கார்ந்துவிட்டது.

கோயிலில் கொடியேற்றம் முடிந்து இன்று நான்காம் நாள். வீட்டில் எல்லோரும் விரதம். கணவர் காவடி எடுக்கிறார், நான் பால்குடம். பூஜைப் பித்தளையை எல்லாம் தினமும் புளி போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு. புளியும் தண்ணீரும் மாறி மாறிப் பட்டு, விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மகள் மருந்துக்கடையில் ஒரு கிரீம் வாங்கி வந்தாள். இரண்டு நாள் பூசினேன், நன்றாகக் கேட்டது.

நேற்று மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். மூன்றாவது பெயராக 'செட்டரைல் ஆல்கஹால்'. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் 'பென்சைல் ஆல்கஹால்'. அவ்வளவுதான், கிரீம் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய்விட்டது. "முருகனுக்குப் பால் எடுக்கிற கையில் சாராயமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் கணவர் ஒரு துளியைக் கரண்டியில் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினார். சாராயம் என்றால் நீலமாக எரியும் அல்லவா? இது சிறுசிறுவென்று பொரிந்தது, பற்றவே இல்லை. மாமியார் அதை ஏற்கவில்லை.

அதற்குமேல் எண்ணெய் ஊற்றியது மகள்தான். எச்.எஸ்.சி. படிக்கிறாள், 12ஆம் வகுப்பு. நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆங்கிலத்தில் பெயர் 'ஓல்' (-ol) என்று முடிந்தால் ஆல்கஹால் குடும்பம். கொலஸ்ட்ரால் ஓர் ஆல்கஹால். தலைவலித் தைலத்தில் இருக்கும் மென்தால் ஓர் ஆல்கஹால். பற்பசையில் சார்பிட்டால்" என்று அடுக்கினாள். மாமியார் இன்று காலை உப்பால் பல் தேய்த்தார்.

விரதத்துக்கு ஆகுமா ஆகாதா என்பதைக் குருக்களிடம் கேட்டுக்கொள்வேன். இங்கே நான் கேட்பது வேறு. ரம் பாட்டிலில் இருப்பதற்கும் என் கிரீமில் இருப்பதற்கும் உண்மையிலேயே உறவு உண்டா? உறவு இருந்தால், ஒன்று ஏன் தண்ணீர் மாதிரி இருக்கிறது, இன்னொன்று ஏன் எரியக்கூட மறுக்கிறது? தெரிந்தவர்கள் தமிழிலேயே சொன்னால் மாமியாருக்கு வாசித்துக் காட்டுவேன்.

கோயில்மலை அடிவாரம்:

டீச்சர், விரதம் மனசில் இருந்தால் போதும். கையில் பூசுவது வயிற்றுக்குள் போகிறதா? நாங்கள் காத்ர் போர்னில் ஒவ்வொரு வருடமும் கோர் த கார்த் மலைக் கோயிலுக்குக் காவடி எடுக்கிறோம், இப்படி லேபிள் படித்துக்கொண்டு யாரும் நின்றதில்லை. கிரீமைப் பூசுங்கள். பத்தாம் நாள் ஏழு கறிச் சாப்பாட்டில் எல்லாம் மறந்துபோகும்.

பழைய லேப்காரன்:

தங்கச்சி, முதலில் அந்தக் கிரீமை வாசலிலிருந்து உள்ளே எடுத்து வையுங்கள். இந்த ஜனவரி வெயிலில் எண்ணெயும் தண்ணீரும் பிரிந்துவிடும். மற்றதை நிதானமாகச் சொல்கிறேன். மேலே எழுதிய தம்பி சொன்னது சரிதான், ஆனால் நீங்கள் கேட்டது அதை இல்லை.

நான் தீவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு ரம் ஆலையின் லேபில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த 31 வருடமும் தைப்பூசக் காவடி எடுத்தேன். பத்து நாளும் சைவம், தரையில் பாய், பகலில் எட்டு மணிநேரம் சாராய ஆவிக்குள் மூச்சு. முதல் வருடம் அப்பா கேட்டார், "இதுக்குப் பேர் விரதமாடா?" என்று. வாசலில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் வைத்திருப்பார், ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். உங்கள் மாமியார் கேட்ட அதே கேள்வியோடு நான் 31 தைப்பூசம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அதனால் அந்த அம்மாவைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது.

உங்கள் மகள் சொன்னது சரி. செட்டரைல் ஆல்கஹாலும் ரம்மில் இருக்கும் எத்தனாலும் சொந்தம்தான். எவ்வளவு சொந்தம் என்பதுதான் விஷயம். நம் ஊரில் ஒருவர் பெயர் 'என்' என்று முடிந்தால் தமிழர் வீடு என்று தபால்காரர்கூடச் சொல்லிவிடுவார். அவர் குடிப்பாரா, மாட்டாரா என்று அந்த 'என்'னை வைத்துச் சொல்ல முடியுமா? 'ஓல்' அப்படிப்பட்ட ஒரு வால்தான்.

அந்த வாலுக்கு என்ன பொருள் என்றால், ஒரு கார்பன் அணுவில் ஓர் ஆக்சிஜன், அந்த ஆக்சிஜனில் ஒரு ஹைட்ரஜன் தொங்குகிறது என்று. இந்த ஜோடியை ஓஎச் தொகுதி என்பார்கள், புத்தகத்தில் ஹைட்ராக்சில். தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள், ஓர் ஆக்சிஜனுக்கு இரண்டு பக்கமும் ஹைட்ரஜன். அதில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்பன் சங்கிலியை மாட்டினால் ஆல்கஹால். ஒரு பாதி தண்ணீர், மறுபாதி எண்ணெய். இனி எந்தப் பாதி பெரியது என்று பார்த்தால் போதும்.

சங்கிலியில் ஒரு கார்பன் இருந்தால் மெத்தனால், இரண்டு இருந்தால் எத்தனால், மூன்று இருந்தால் புரோப்பனால். இந்த மூன்றும் எந்த அளவில் ஊற்றினாலும் தண்ணீரோடு கலந்துவிடும். நான்கு கார்பன் பியூட்டனாலில் தயக்கம் தொடங்கும், 100 மில்லி தண்ணீரில் ஏழெட்டு கிராம்தான் கரையும். ஐந்தில் இரண்டு கிராம்தான். உங்கள் செட்டரைல் என்பது 16 கார்பன் செட்டைலும் 18 கார்பன் ஸ்டியரைலும் சேர்ந்த கலவை. அவ்வளவு நீளமான எண்ணெய் வாலின் நுனியில் ஒரே ஓர் ஓஎச். அது தண்ணீரில் எங்கே கரையப் போகிறது? செட்டைல் ஆல்கஹால் 49 பாகையில்தான் உருகும், போர்ட் லூயி மதிய வெயிலிலும் வெள்ளை மெழுகுச் சீவலாகவே கிடக்கும். குடிக்க நினைத்தாலும் மென்றுதான் தின்ன வேண்டும். கிரீமுக்குள் அதன் வேலை, ஓஎச் தலையைத் தண்ணீர்ப் பக்கமும் வாலை எண்ணெய்ப் பக்கமும் வைத்துக்கொண்டு, இரண்டும் சண்டை போட்டுப் பிரியாமல் பிடித்து வைப்பது. உங்கள் கணவரின் கரண்டியில் பொரிந்தது கிரீமில் இருந்த தண்ணீர். அதுதான் அதில் அதிகம்.

ஓஎச் எவ்வளவு வலுவானது என்பதற்கு எங்கள் லேப் சுவரில் ஓர் அட்டவணை தொங்கியது. ஈத்தேன் என்ற வாயு பூஜ்ஜியத்துக்கும் கீழே 89 பாகையிலேயே கொதித்துவிடும். அதே இரண்டு கார்பனில் ஓர் ஓஎச் மாட்டினால் எத்தனால், கொதிநிலை 78. இடையில் ஓர் ஆக்சிஜன் நுழைந்ததற்கு இவ்வளவு ஏற்றம். காரணம், ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது இதைத்தான். கூட்டத்தில் கையைக் கோத்துக்கொண்டு நிற்பவர்களைப் பிரித்து வெளியே அனுப்ப அதிகச் சூடு வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எங்கள் மேற்பார்வையாளர் 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி சுத்தமான ஆல்கஹாலும் அளந்து கலக்கச் சொன்னார். கலந்தேன். உருளையில் 97கூட வரவில்லை. "சிந்திவிட்டாயா?" என்றார். நான் பயந்துபோய் மேசையைத் துடைக்கத் துணி தேடினேன். மேசை காய்ந்து கிடந்தது, உருளை மட்டும் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. லேபே சிரித்தது. புதிதாக வரும் எல்லோருக்கும் இதே பரீட்சை வைப்பார்களாம். தண்ணீரும் எத்தனாலும் ஒன்றையொன்று இழுத்து நெருங்கி உட்கார்ந்துவிடுவதால் இடம் மிச்சமாகிறது. இன்னொரு விஷயம், சாதாரணமாக எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் எத்தனாலை ஏற்ற முடியாது. அந்த விகிதத்தில் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும், ஆவியிலும் அதே விகிதம்தான் வரும், மீதித் தண்ணீர் விடவே விடாது.

ரம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், பழைய தொழில், வாய் சும்மா இருக்காது. டச்சுக்காரர்கள் 1639இல் இந்தத் தீவுக்குக் கரும்பு கொண்டு வந்தார்கள். சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கருப்புப் பாகைத்தான் மெலாஸ் என்கிறோம், சர்க்கரையாக மாறாமல் நின்றுபோன இனிப்பு அதில் இன்னும் பாதியளவு உண்டு. தண்ணீர் விட்டு ஈஸ்ட் போட்டால் நுரைத்துப் பொங்கும். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸிலிருந்து 92 கிராம் எத்தனால் வரும், மீதி 88 கிராம் கரியமில வாயுவாகப் பறந்துவிடும். வடிக்கும்போது முதலில் வருவதைத் தலை என்போம், நெயில் பாலிஷ் வாசனை மூக்கை அறுக்கும். நடுவில் வருவது இதயம், அதுதான் விற்பனைக்கு. கடைசியில் வருவது வால். அதில் ஐந்து கார்பன் ஐசோஅமைல் ஆல்கஹால் வரும், கொதிநிலை 131 பாகை. ஈரச் சாக்கையும் பழைய பெயின்ட்டையும் சேர்த்து முகர்ந்த மாதிரி நாற்றம். அதே நாற்றக்காரனை அசெட்டிக் அமிலத்தோடு சேர்த்தால் வாழைப்பழ வாசனை வரும் எஸ்டர் ஆகிவிடுவான். வேதியியலில் எனக்குப் பிடித்ததே இந்த மாதிரிக் குணமாற்றம்தான்.

இனி மாமியாருக்கு வாசித்துக் காட்ட வேண்டிய பகுதி. அம்மா, நெற்றியில் வைக்கும் சந்தனத்தின் வாசனை சாண்டலால் என்ற ஆல்கஹால். நல்ல சந்தன எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான். அபிஷேகப் பன்னீரில் ரோஜா வாசனை தருவது ஃபினைல் எத்தில் ஆல்கஹால். பால்குடத்துப் பாலில் கொலஸ்ட்ரால் இருக்கிறது, 1859இல் பெர்த்தலோ என்ற பிரெஞ்சுக்காரர் அது ஆல்கஹால் என்று நிரூபித்த பிறகுதான் அந்தப் பெயரில் 'ஓல்' ஒட்டியது. அதே பாலில் விட்டமின் ஏ உண்டு, ரெட்டினால், அதுவும் இந்தக் குடும்பம். இட்லி மாவு புளிக்கும்போது சில பாக்டீரியாக்கள் கொஞ்சம் அசல் எத்தனாலையே உண்டாக்குகின்றன, ஆவியில் வேகும்போது பெரும்பாலும் பறந்துவிடும். பத்து நாளும் இட்லி சாப்பிட்டவர்களை முருகன் கோபித்ததாக நான் கேள்விப்படவில்லை.

டப்பாவில் ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், ஆல்கஹாலை விடுங்கள், அது எதிலிருந்து எடுத்தது என்று பாருங்கள். செட்டைல் என்ற பெயரே திமிங்கிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1817இல் செவ்ரோல் என்பவர் திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த மெழுகைக் காரத்தோடு காய்ச்சித்தான் இதை முதலில் பிரித்தார். இப்போது பெரும்பாலும் பனை எண்ணெய், தேங்காய் எண்ணெயிலிருந்து செய்கிறார்கள். மாட்டுக் கொழுப்பிலிருந்தும் செய்ய முடியும். சைவ விரதக்காரருக்கு வரவேண்டிய சந்தேகம் அங்கேதான் இருக்கிறது.

எசான்ஸ் பங்க்:

'ஓல்' என்று முடிந்தால் எல்லாம் ஆல்கஹால் என்றால் பெட்ரோலும் ஆல்கஹாலா? நல்லவேளை, இங்கே நாம் அதை எசான்ஸ் என்கிறோம், பாட்டிகளிடம் தப்பித்தோம்.

ரோஸ்ஹில் டீச்சர்:

பழைய லேப்காரன் ஐயாவுக்கு மிக்க நன்றி. மாலை பூஜை முடிந்து மாமியாருக்கு முழுவதையும் வாசித்தேன். சந்தனம் வந்த இடத்தில் "நிறுத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "அந்த மனுஷன் உண்மையிலேயே காவடி எடுத்தவரா?" என்று கேட்டார். 31 வருடம் என்றேன். கிரீம் உள்ளே வந்துவிட்டது, ஆனால் பூஜை அறைக்கு எதிர்ப்பக்கத்து அலமாரியில். திமிங்கிலம்தான் இப்போது புதுப் பிரச்சினை. டப்பாவில் 'தாவர மூலம்' என்று சின்ன எழுத்தில் இருப்பதை மகள் கண்டுபிடித்துக் காட்டினாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். பென்சைல் ஆல்கஹாலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பள்ளியில் கைக்குப் போடும் ஜெல்லும் ஆல்கஹால்தானே, அது கையை எரிக்கிறது, இது ஏன் ஆற்றுகிறது? கணவருக்கு இருமல் வேறு, அந்த மருந்திலும் ஆல்கஹால் இருக்குமோ?

கியூர்பிப் மருந்துக்கடை:

அக்கா, இந்த வாரம் மட்டும் என் கவுன்டரில் இதே கேள்வியை நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். விரத மாதத்தில் லேபிள் படிக்கக் கற்றுக்கொடுப்பதே எனக்குத் தனி வேலை.

பொருள் பட்டியலில் முன்னால் எந்தப் பெயரும் இல்லாமல் வெறும் 'ஆல்கஹால்' என்றோ, 'ஆல்கஹால் டினேச்சர்ட்' (குடிக்க முடியாதபடி செய்தது) என்றோ இருந்தால் அது எத்தனால். சீக்கிரம் ஆவியாகும், போகும்போது தோலின் எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகும். வெடித்த கையில் எரிவது அதனால். செட்டைல், ஸ்டியரைல், செட்டரைல் என்று முன்பெயர் இருந்தால் கொழுப்பு ஆல்கஹால், தோலில் தங்கி மென்மையாக்கும். அமெரிக்காவில் கொழுப்பு ஆல்கஹால் உள்ள கிரீமையும் 'ஆல்கஹால் இல்லாதது' என்று எழுதி விற்க அனுமதி உண்டு, அங்கே அந்த வாசகம் எத்தனாலை மட்டும்தான் குறிக்கும். வாங்கிப் போனவர்கள் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு நாம் ஏமாற்றியதாக நினைத்துத் திரும்பி வருகிறார்கள். 'லேனோலின் ஆல்கஹால்' என்று பார்த்தால் அது ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து வருவது, உங்கள் மாமியாருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பென்சைல் ஆல்கஹால் கிரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், மிகச் சிறிய அளவில்தான் இருக்கும். உங்கள் மகளுக்காக ஒரு விவரம். பென்சீன் வளையத்தில், அதாவது ஆறு கார்பன் வட்டமாகக் கைகோத்ததில், ஓஎச் நேராக ஒட்டியிருந்தால் அது ஆல்கஹால் இல்லை, பீனால். பெயர் 'ஓல்' என்று முடிந்தாலும் குணம் வேறு, லேசான அமிலம், சுத்தமான பீனால் பட்டால் தோல் வெந்துவிடும். 1865இல் லிஸ்டர் காயங்களில் கிருமி கொல்லப் பயன்படுத்திய கார்பாலிக் அமிலம் இதுதான். வளையத்துக்கும் ஓஎச்சுக்கும் நடுவில் ஒரு கார்பன் வந்து நின்றால் பென்சைல் ஆல்கஹால், சாதுவான ஆள்.

கை ஜெல்லில் உங்களுக்குத் தெரியாமல் இரண்டு ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவை ஒன்றில் 80 சதவீதம் எத்தனால், அதோடு 1.45 சதவீதம் கிளிசரால். முதலாவது கையை உலர்த்தும், இரண்டாவது அதைச் சரிக்கட்டும். கிளிசராலில் மூன்று ஓஎச், மூன்று கையாலும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையில் கேட்பவர்கள் 90 வாங்கினால் இன்னும் நன்றாகக் கிருமி சாகுமே என்பார்கள். இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் தேவை, 70க்குப் பக்கம் இருந்தால் நன்றாக வேலை செய்யும், கையிலும் கொஞ்ச நேரம் நிற்கும். உங்கள் கைக்கு இப்போது ஜெல் வேண்டாம், மென்மையான சோப்பும் தண்ணீரும் போதும். பித்தளை தேய்க்கும்போது கையுறை போடுங்கள், முருகன் ஒன்றும் சொல்லமாட்டார்.

சில இருமல் மருந்துகளிலும் வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும் எத்தனால் உண்டு. லேபிளைக் கொண்டுவந்து காட்டுங்கள், இல்லாததாகப் பார்த்துத் தருகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் விரதம் என்று நிறுத்திவிடாதீர்கள்.

பழைய லேப்காரன்:

கியூர்பிப் தங்கச்சி தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் நேற்று ஒரு முக்கியமான ஆளை விட்டுவிட்டேன், இரவெல்லாம் உறுத்தியது. மெத்தனால்.

எங்கள் லேப் அலமாரியில் மெத்தனாலும் எத்தனாலும் ஒரே மாதிரி பாட்டிலில் இருந்தன. இரண்டும் தண்ணீர் நிறம், இரண்டும் எரியும், மூக்கை வைத்து ஏமாறாமல் பிரிக்க யாராலும் முடியாது. ஒரே ஒரு கார்பன்தான் வித்தியாசம். ஆனால் எத்தனாலை ஈரல் கடைசியில் அசெட்டிக் அமிலமாக்கும், அதாவது காடியில் இருப்பது. மெத்தனாலை அதே ஈரல் அதே நொதியால் ஃபார்மால்டிஹைடாக்கி, பிறகு ஃபார்மிக் அமிலமாக்கும். அது கண் நரம்பைத் தாக்கும். 10 மில்லிகூடப் பார்வையை நிரந்தரமாகப் பறித்துவிடலாம். கரும்பு ரம்மில் மெத்தனால் மிகக் கொஞ்சம்தான் இயல்பாக வரும். திருட்டுச் சரக்கு குடித்தவர்கள் கூட்டமாகச் சாகும் செய்திகளில், பெரும்பாலும் யாரோ தொழிற்சாலை மெத்தனாலைக் கலந்திருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இந்த விஷத்துக்கு முறிமருந்தாக எத்தனாலையே கொடுப்பதும் உண்டு, அந்த நொதி எத்தனாலை முதலில் கவனிக்கப் போய்விடும், மெத்தனால் மாறாமல் மெல்ல வெளியேறும். அடுப்புக்கு வைத்திருக்கும் ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். விரதம் முடிந்த பிறகும்.

டீச்சர் தமிழ் சொல்லித்தருபவர் என்பதால் ஒரு சொல்கதை. ஆல்கஹால் என்பது அரபியில் 'அல்-குஹ்ல்', கண்ணுக்குத் தீட்டும் மை. மிக நுண்ணிய அந்த மைப்பொடியின் பெயர் ஐரோப்பாவுக்குப் போய், எதையும் நுணுக்கி எடுத்த சாரம் என்று பொருள் மாறி, கடைசியில் திராட்சை மதுவின் சாரத்தில் போய் நின்றது. கண்மை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவதை மாமியார் தடுத்ததுண்டா?

டீச்சர் மகள்:

ஐயா, அம்மாவின் கணக்கிலிருந்து எழுதாமல் என் கணக்கிலேயே கேட்கிறேன். ஓரிணைய, ஈரிணைய, மூவிணைய ஆல்கஹால் என்று மூன்று வகை படிக்கிறோம். டைக்ரோமேட் என்ற ஆக்சிஜனேற்றியை ஊற்றினால் முதலாவது அமிலம் வரைக்கும் போகிறது, இரண்டாவது கீட்டோனில் நின்றுவிடுகிறது, மூன்றாவது அசையவே இல்லை. மனப்பாடம் செய்துவிட்டேன். ஏன் என்று மட்டும் தெரியவில்லை. தேர்வில் கேட்டால் மாட்டிக்கொள்வேன்.

பழைய லேப்காரன்:

சபாஷ். ஓஎச்சைத் தாங்கி நிற்கும் கார்பனை மட்டும் பார், மற்றதை மறந்துவிடு. அதில் எத்தனை ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஆக்சிஜனேற்றத்தில் ஓஎச்சின் ஹைட்ரஜன் ஒன்றும் அந்தக் கார்பனின் ஹைட்ரஜன் ஒன்றும் சேர்ந்து போகும், அங்கே கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இரட்டைப் பிணைப்பு விழும்.

எத்தனாலில் அந்தக் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன். ஒன்றைக் கொடுத்தால் அசெட்டால்டிஹைடு. இன்னும் ஒன்று பாக்கி இருப்பதால் அந்த இடத்திலும் ஆக்சிஜன் ஏறி அசெட்டிக் அமிலம். ஈரிணையத்தில் ஒரே ஒரு ஹைட்ரஜன், கொடுத்துவிட்டால் கை காலி, கீட்டோனோடு கதை முடிந்தது. மூவிணையத்தில் கொடுக்க ஒன்றுமே இல்லை, மூன்று பக்கமும் கார்பன் சூழ்ந்துவிட்டது. அதனால் டைக்ரோமேட் ஆரஞ்சாகவே நிற்கும். மற்ற இரண்டிலும் பச்சையாகும். அந்தக் காலத்தில் ஓட்டுநரை ஊதச் சொல்லிப் போலீஸ் பார்த்த குழாயில் இருந்ததும் இந்த ஆரஞ்சுதான்.

ஈரிணையத்துக்கு எல்லோரும் புரோப்பன்-2-ஆல் எழுதுவார்கள். நீ போர்னியால் எழுது. அது ஓர் ஈரிணைய ஆல்கஹால், ஆக்சிஜனேற்றினால் கிடைக்கும் கீட்டோன் என்ன தெரியுமா? கற்பூரம். தீபாராதனைத் தட்டில் நீ தினமும் பார்ப்பது. மதிப்பெண் கூடுதலாக வருமா தெரியாது, உனக்கு மறக்காது.

ரோஸ்ஹில் டீச்சர்:

காவடி நல்லபடியாக முடிந்தது. பால் கோயில் சேரும்வரை திரியவில்லை, கை வெடிப்பும் ஆறிவிட்டது. ஏழு கறிக்குப் பிறகு எல்லோரும் படுத்துவிட்டோம், மகள் மட்டும் மருந்துக்கடை 90 ஆல்கஹாலையும் என் மாவு அளக்கும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போயிருக்கிறாள். பாதி தண்ணீர், பாதி ஆல்கஹால். கோட்டுக்குக் கீழேயே நின்றதாம். என்னை எழுப்பிக் கூட்டிப்போய்க் காட்டினாள். கோப்பையைத் தொட்டுப் பார்த்தேன் ஐயா, நீங்கள் சொன்ன அதே வெதுவெதுப்பு.

அந்தக் கோப்பையை இனிமேல் சமையலறைக்குள் கொண்டுவரக் கூடாது என்று மாமியார் சொல்லிவிட்டார்.